துருக்கிக்காரர் வருகினமாம்

எங்களுக்கென்று சொல்லிவைத்த வீட்டைத் துருக்கிக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த கோபத்தில், இஸ்திரிப் பெட்டியின் கீழே நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் நல்ல மேசைவிரிப்பு கருகிப்போனது. அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்றைக்கு நான் பயந்திருக்க மாட்டேன். எங்கேயோ கிடந்த துருக்கிக்காரன் கப்பலேறி வந்து எங்கள் வாயில் மண்ணைப் போடுவதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சிசிலித் தீவில், கால்சா என்கிற பகுதியில் பழைய மாளிகை ஒன்றைத் திருத்தி, மாடி மாடியாக வீடுகளாக்கி விற்றிருந்தார்கள். தெருவாசலோடு ஒட்டினாற்போல் வாசல் காவல்காரருக்கு ஒரு அறையும் குசினியும் குளியலறையும் இருந்தன. போர்த்தினேரியா என்பார்கள். பழைய காவல்காரர் வயதாகி, மகளோடு இருக்க ஜெனோவாவுக்குப் போனபின் அது பூட்டிக் கிடந்தது. படி கழுவுவது, தபால் பிரித்துப் போடுவது, குப்பை எடுப்பது என்று அவர் செய்த வேலையெல்லாம் இப்போது என் மனிசன் தலையில். தற்காலிகமாக என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகம் முடிகிற வழியாக இல்லை. நான் இரண்டாம் மாடியில் அவ்வொக்காத்தோவின் வீட்டில் வேலை. அவ்வொக்காத்தோ என்றால் வக்கீல். சிஞ்ஞோரா அவருடைய மனைவி. கட்டடத்தை நிர்வகித்தவரும் அவ்வொக்காத்தோதான், போர்த்தினேரியாவை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

அந்த வீடு எங்களுக்கு வேண்டியிருந்தது மகளுக்காக. அவளைக் கொழும்பில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். விட்டுவிட்டு வந்தபோது மழலை பேசினாள். இப்போது தொலைபேசியில், "நீங்கள் எந்த அம்மா?" என்று கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அக்கா லொட்ஜ் அறை ஒன்றில் இருந்தார். ஆமிச் சுற்றிவளைப்பு என்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலைய வாசலில் போய் நிற்க வேண்டும். இங்கே குவெஸ்தூராவில், அதுதான் வெளிநாட்டுக்காரரின் பத்திரம் பார்க்கிற பொலிஸ் கந்தோரில், எத்தனை தரம் போனாலும் ஒரே பதில்: பிள்ளையைக் கூப்பிடலாம், முதலில் ஒழுங்கான வீடு ஒன்றைக் காட்டுங்கள். நாங்கள் ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேறு குடும்பங்களோடு ஒரே அறையில், இடையில் சீலை கட்டி மறைத்துப் படுத்துக் கிடந்தோம். அதை யார் வீடென்று ஒத்துக்கொள்வார்கள்? அவ்வொக்காத்தோதான் இரங்கி, கோடை முடியட்டும், போர்த்தினேரியா உங்களுக்கே என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

கோடை முடிய அவருக்கு அரசியல் ஆசை பிடித்துவிட்டது. தொண்ணூறுகளில் அங்கே பழைய கட்சிகள் பொலபொலவென்று உதிர்ந்து, புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கட்சியில், எங்கள் பகுதியிலிருந்து நகரசபைக்கு யார் நிற்பது என்று கட்சிக்குள்ளேயே போட்டி. அங்கத்துவ அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடி வாக்குப் போட வேண்டும். ஒரு பக்கம் எங்கள் அவ்வொக்காத்தோ, மற்றப் பக்கம் குளியலறைச் சாமான் கடை முதலாளி ஒருவர். அவ்வொக்காத்தோ கட்டடம் முழுவதையும், எழும்பி நடக்க முடியாத கிழவர்களைக்கூட, அங்கத்தவராக்கினார். கடைக்காரர் தன் தெரு முழுவதையும் ஆக்கினார். கொள்கை என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் மயிரளவு வித்தியாசமும் கிடையாது. ஒரே கட்சி, ஒரே பேச்சு, ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டி. ஆகவே கடைக்காரர் வேறு ஒன்றைத் தேடி எடுத்தார்.

ஒரு நாள் காலை அவருடைய ஆட்கள் துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்றை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். என் மனிசன் ஒழுங்கான ஆள். வாசலுக்கு வந்த கடதாசி எதுவென்றாலும் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டும் என்று, ஒன்றையும் கசக்காமல், எல்லாத் தபால் பெட்டியிலும் பக்குவமாகப் போட்டார். மிஞ்சியதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் எழுத்துக் கூட்டி வாசித்தோம். நம் பிள்ளைகளுக்கு வேலையும் இல்லை, இருக்க வீடும் இல்லை, அவ்வொக்காத்தோவோ நம் வாசலைத் துர்க்கிக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார், முதலில் நம் ஆட்கள், துர்க்கி பிறகு. இப்படிப் போனது அது.

"துர்க்கியெண்டால் துருக்கிக்காரர்," என்றார் மனிசன். "துருக்கிக்காரர் வருகினமாம்."

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எங்கள் சனத்துக்கு இதுதான் கதை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஒருவர், நாப்போலிக் கப்பலால் மீசைக்காரர் நாலு பேர் இறங்கியதைத் தன் கண்ணால் கண்டதாக அடித்துச் சொன்னார். இன்னொருத்தி, துருக்கிக்காரர் குறைந்த சம்பளத்துக்கும் நிற்பார்களாம், எங்கள் பிழைப்பில் இனி மண்தான் என்று பெருமூச்சு விட்டாள். குறைந்த சம்பளத்துக்கு நிற்பவர்கள் என்று ஊர் எங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அந்த முற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எனக்கென்றால் கடைக்காரர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. கஷ்டப்பட்டு இந்த ஊரில் கிடக்கிற சனத்துக்கு முதலில் கொடுக்காமல் நேற்று வந்தவனுக்குக் கொடுப்பதாவது! மனிசனிடம் அப்படியே சொன்னேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

நாலாம் மாடியில் மொரீசியஸ்காரி ஒருத்தி வேலை செய்தாள். தமிழ்ப் பெயர், நெற்றியில் பொட்டு, ஆனால் தமிழ் அவளுடைய பாட்டன்மாரோடு போய்விட்டது. நாங்கள் இத்தாலியனில்தான் கதைப்போம். எனக்கு எவ்வளவோ முன்னால் வந்தவள், ஊர்ச் சனம் வீட்டுக்குள் பேசுகிற சிசிலியப் பேச்சும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. படியில் அவளைக் கண்டதும் துருக்கிக்காரரை நான் வைது தீர்த்தேன். அவள் கையில் இருந்த வாளியை இறக்கி வைத்தாள். படியிலேயே குந்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, முழங்கைக்கு மேலே தோலைக் கிள்ளினாள்.

"துர்க்கி இதுதான்," என்றாள். "நீ, நான், உன் புருஷன்."

அந்த ஊர்ப் பேச்சில் கறுத்த தோல்காரர் எல்லாருக்கும் பெயர் அதுவாம். துருக்கிக்கும் அதற்கும் இப்போது ஒரு சம்பந்தமும் கிடையாதாம். கடைச்சந்தையில் என்னைத் தாண்டிப் போன எத்தனை பேர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள், நானும் யாரையோ சொல்கிறார்கள் என்று சும்மா வந்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. எங்களுக்கு எதிராக எழுதிய கடதாசியை வீடு வீடாகச் சேர்ப்பித்ததும் நாங்களே. மனிசனிடம் போய்ச் சொன்னபோது அவர் தபால் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரு பெட்டியைக்கூட விடேல்லையே," என்றார். "ஒழுங்காப் போட்டனான்."

அதற்குப் பிறகு எங்களுக்கு அவ்வொக்காத்தோதான் தெய்வம். எங்களுக்கு வீடு கொடுக்கப் போனதற்காகத்தானே மனிதன் இந்த ஏச்சை வாங்குகிறார் என்று நினைத்தோம். ஆனால் அந்த வீட்டுக்குள் காற்று மாறிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் ஆட்கள் கூடியிருக்க நான் கோப்பித் தட்டோடு போனால் கதை சட்டென்று நின்றுவிடும். வாக்கெடுப்பு முடியும்வரை உன் புருஷன் வாசலில் நிற்க வேண்டாம், விடியவே வந்து படியைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று சிஞ்ஞோரா ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, யன்னல் சீலையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அடுத்த நாளிலிருந்து வாசலில் அவருடைய தம்பியின் கார்ச் சாரதி, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைத்தோல், வேலை ஒன்றும் தெரியாது, தபாலை மாறி மாறிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். என்ன, எங்களைக் கண்டால் வாக்கு விழாதோ, நாங்கள் என்ன பேயோ பிசாசோ என்று கத்தினேன். சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பம் இருமிக் காட்டியது.

"கொஞ்சம் பொறும்," என்றார் மனிசன். "அவ்வொக்காத்தோ வெண்டால் வீடு எங்களுக்குத்தான். வெல்லுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன், மாதாவிடமும் அந்தோனியாரிடமும் மட்டும் திறந்தேன். வாக்கெடுப்புக்கு முதல் நாள் சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு நடந்தோம். மொரீசியஸ்காரியும் கூட வந்தாள். அவளுக்கு அது அம்மன் கோயில், எங்களுக்குப் புனிதையின் குகை, இரண்டு பேருக்கும் கால் ஒரே மாதிரித்தான் பொத்துப்போனது. அவ்வொக்காத்தோ வெல்ல வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தி அழுது கேட்டேன். கடைக்காரருக்கு நல்ல வயிற்றோட்டம் ஒன்று வர வேண்டும் என்றும் கூடவே கேட்டேன். என் குணம் அப்படி.

அவ்வொக்காத்தோ தோற்றார். கிட்ட முட்டக்கூட இல்லை, படுதோல்வி. அவர் அட்டை வாங்கிக் கொடுத்த ஆட்களே, அவர் வீட்டில் என் கோப்பியைக் குடித்த ஆட்களே, மாறிப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது அந்த வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது. சிஞ்ஞோரா நனைத்த துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். வெற்றிக்கென்று வாங்கிய இனிப்புப் பெட்டி நாடா அவிழ்க்காமல் மேசையில் இருந்தது. நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்காக அழவில்லை. பிள்ளை இனி எந்தக் காலத்தில் வரும், வந்தாலும் என்னைத் தெரியுமோ என்று அழுதேன். எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் அவ்வொக்காத்தோ எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். முகம் மழிக்கவில்லை, சட்டைக் கழுத்து திறந்து கிடந்தது. வேலையால் நிற்பாட்டப் போகிறார் என்று நினைத்து என் மனிசன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். அவ்வொக்காத்தோ போர்த்தினேரியாவின் திறப்பை மேசையில் வைத்து, எடுங்கள் என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. ஒருநாளும் ஒருவரிடமும் ஏன் என்று கேட்டறியாத என் மனிசன் அன்றைக்குக் கேட்டார், ஏன் இப்போது என்று.

அவ்வொக்காத்தோ கண்ணைக் கசக்கினார். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத களைப்பு அவருக்கு.

"போன கிழமை மண்டபத்தில் எழுந்து நின்று சத்தியம் பண்ணினேன், போர்த்தினேரியாவை இந்த ஊர்க் குடும்பம் ஒன்றுக்குத்தான் கொடுப்பேன் என்று," என்றார். "வென்றிருந்தால் அதைச் செய்திருக்க வேண்டும். தோற்றவனின் சத்தியத்தை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கொண்டுபோங்கள்."

கடைக்காரர் துர்க்கி என்று சொன்னார், எங்கள் அவ்வொக்காத்தோ அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலே அதே காரியத்துக்குச் சம்மதித்திருந்தார். நாங்கள் கால் பொத்துப்போக மலையேறிக் கேட்டது கிடைத்திருந்தால், வீடு போயிருக்கும். இதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பிறகு வந்தது, இப்போதும் வருகிறது. ஆனால் அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு அந்தத் திறப்பை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நன்றி நன்றி என்று சொல்லிச் சொல்லிப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். படியில் குந்திவிட்டேன். நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி, வெறும் மூச்சு விடுவதே சுகமாக இருந்தது.

கதவைத் திறந்தால் பழைய சுருட்டு மணமும் ஈர மணமும் அடித்தது. குழாயைத் திருப்பினேன், கறள் தண்ணீர் கொஞ்சம் வந்து பிறகு தெளிந்தது. மனிசன் வெறும் நிலத்தில் கையையும் காலையும் நாலு பக்கமும் நீட்டிப் படுத்துப் பார்த்தார். ஒரு பக்கமும் சீலை இல்லை. பிள்ளையின் கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது என்று நாங்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து இப்படிச் சந்தோஷமாக நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை.

பொழுது படுமுன் ஸ்தாசியோனேப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு ஓடினோம். லொட்ஜுக்குக் கீழே இருந்த கடைக்கு எடுத்து, அக்காவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். அக்கா மூச்சு வாங்க வந்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"என்னடி, உங்கடை ஐயா வெண்டவரோ?"

"இல்லையக்கா," என்றேன். "தோத்துப் போனார்."

அங்கே ஐயோ என்று ஒரு சத்தம், பிறகு அழுகை. பக்கத்தில் என் மகள் என்ன பெரியம்மா, என்ன பெரியம்மா என்று கேட்பதும் கேட்டது. கடைக்குள் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்க நான் கத்த வேண்டியதாயிற்று.

"அழாதையுங்கோ அக்கா. தோத்தபடியால்தான் வீடு தந்தவர். பிள்ளையை வெளிக்கிடுத்துங்கோ."