அம்மாவுக்காகக் கத்திப் பழகியது

அம்மாவுக்கு வேலை கிடைத்ததில் என் தொண்டைக்கும் தம்பியின் சாப்பாட்டுத் தட்டுக்கும் பங்கு உண்டு. இதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

புத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் போனை எடுத்துப் பேசும் வேலைக்கு அம்மா திருப்பதியில் பயிற்சிக்குப் போனாள். பேசுகிறவர் எப்படிக் கதறினாலும் ஊர், அடையாளம், போன் நம்பர் மூன்றையும் மனதில் பிடித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பரீட்சையில் அதிகாரி கதறிக் காட்டியதும் அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா கத்துங்க. நான் மறக்கறனா பாக்கலாம்" என்றாள். தினமும் சாயங்காலம் தம்பி தட்டைக் கரண்டியால் அடிப்பான். நான் தரையில் புரண்டு, "ஐயோ, பாகாலா, ரயில்வே கேட்டாண்ட!" என்று அலறி, பத்து எண்களையும் அழுதபடி சொல்வேன். நைனா சிரித்தால் அம்மா அவரைப் பெயர் சொல்லி அதட்டுவாள். எங்கள் தெருவில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அடுத்த பரீட்சையில் தேறினாள்.

அந்தக் கோடையில் நைனா மாமரத்திலிருந்து விழுந்தார். கண் திறக்கவில்லை. அவர் போனிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எடுத்தது அம்மா! "நைனா உழுந்துட்டாரு" என்றதோடு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எந்தத் தோப்பில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"மூச்சு வருதாங்க?"

"வருது."

"சுத்திப் பாருங்க. என்னா தெரியுது?"

"தண்ணி டேங்கு."

"சரி, ஏரிக்கரைத் தோப்பு. அவர அசைக்காதீங்க. வண்டி வந்துக்கினே இருக்குது."

வண்டி வந்தது, நைனா பிழைத்தார். எனக்கோ ஒரு வாரம் கோபம். பெற்ற மகளிடம் யாரோ மாதிரி 'ங்க' போட்டாளே, ஒரு தடவைகூட 'பாப்பா' என்று சொல்லவில்லையே!

அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எல்லாம் கரெக்டா டைப் பண்ணாங்க. பேஷண்ட் பேரு மட்டும் காலி. கேட்டா முழிக்கறாங்க" என்றார். அம்மா நைனாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

ஆபீஸில் புருஷன் பெயரைச் சொல்ல வெட்கம் போலும் என்று நான்தான் முதலில் சிரித்தேன். தினமும் வாய்நிறையக் கூப்பிடுகிற பெயர் அம்மாவுக்கு அன்று மறந்தே போயிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.