ஃப்ரேமில் வந்த கரை

ஜெயக்குமாரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தருகிற வேலை. தெருவில் யார் வீட்டு டிவி மக்கர் பண்ணினாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நல்ல பிள்ளைதான் 2009 ஆனி மாதத்தில் சொந்த அக்கா புருஷன் வயிற்றில் அடித்தான்.

அக்கா சங்கரி, மாமா வீரபாகு. ஒரே மகள் ஏலவார்குழலி கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள். அவள்தான் ஊருக்கு வந்த ஒருவரிடம் வைஃபை போட்டோ ஃப்ரேம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அங்கே அவள் நெட்டில் படம் போட்டால் இங்கே அலமாரியில் தெரியுமாம். "பொட்டியைத் தொறந்ததுலேருந்து கறுப்பாவே இருக்குதுடா, வந்து பாரு" என்று சங்கரி போன் பண்ணினாள்.

போனான். கூடத்தில் தறிக்கு எதிரே அலமாரியில் வைத்தான். ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி, மோடத்தின் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் போடவேண்டும். ஒன்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை தப்பி, நாலாவது தடவைதான் மாட்டியது. அப்புறம் படம் வைக்க நெட்டில் ஒரு கணக்கு வேண்டும். புதிதாக ஆரம்பிக்கச் சோம்பல். தன்னுடையதையே போட்டு, பாஸ்வேர்டை ஏலவார்குழலிக்கும் அனுப்பினான். எந்த ஆல்பம் என்று ஃப்ரேம் கேட்டது. 'எல்லாம்' என்று அழுத்தினான், அவசரக்குடுக்கை.

அந்தக் கணக்கில் என்ன கிடந்தது தெரியுமா? மாமா தறியில் ஒரு புதுப் புடவைக் கரை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாமரம், நாலு கிளை, கிளைக்கொரு விதமாய் மாங்காய். ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்ப் போய் மரத்தைப் பார்த்து, ஆறு மாதம் கிராஃப் தாளில் கையாலேயே கட்டம் நிரப்பியது. ஆவணி முகூர்த்தத்துக்கு இறக்குவதாக இருந்தார். புது டிசைன் ஓடும்போது வெளியாள் வந்தால் தறியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மச்சானுக்கு யார் மூடுவார்கள்? இதற்கு முன்னால் ஒரு நாள், மாமா கை கழுவப் போன நேரத்தில் ஜெயக்குமார் செல்போனில் நாலு படம் எடுத்தான். புதுசாக ஏதாவது கொடு என்று ஒரு கடை முதலாளி ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தார்; இவன் மண்டையிலோ சரக்கு தீர்ந்துபோயிருந்தது. படத்தை அந்த நெட் கணக்கில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இறக்கி, தன் டிசைன் என்றே போட்டுக் கொடுத்துவிட்டான். இந்த ஊரில் முதலில் கடைக்கு வருவதுதான் அசல். பின்னால் கொண்டுவருகிறவன் வீரபாகுவே ஆனாலும் காப்பியடித்தவன்தான்.

ஃப்ரேம் ஓட ஆரம்பித்தது. ஏலவார்குழலி ரயிலில் நிற்கிறாள். ஏலவார்குழலி தோசை சுடுகிறாள். "எளைச்சிட்டாடா" என்று சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து வந்தது மாமரம், நாலு கிளையோடு.

ஜெயக்குமாரின் கை ரிமோட்டைத் தேடியது. அது, வேடிக்கை பார்க்க வாங்கிய மாமாவின் மடியில் இருந்தது.

"அட, நம்ம கரை!" வீரபாகு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "எப்பப்பா எடுத்தே? பொண்ணு பாக்கட்டும்னு போட்டியா?"

"வேற யாருக்குத் தோணும்? என் தம்பிக்குத்தான் தோணும்" என்றாள் அக்கா, முகமெல்லாம் பல்லாக.

"ஆமா மாமா" என்றான் ஜெயக்குமார். அந்த வாய் அழுகிப்போகாதா! நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அக்கா வைத்த சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான்.

மறுநாள் கடை திறந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றான். "அது என் டிசைன் இல்லீங்க. நிறுத்திடுங்க."

"நிறுத்தறதா! டிசைன் அட்டை அடிச்சி நாலு தறியில ஓடிக்கினு இருக்குதுப்பா. ஆடிக் கடைசியில புடவை கடைக்கு வந்துடும்" என்றார் அவர்.

அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்கு வந்தான். அக்கா காய் வாங்கப் போயிருந்தாள். நின்றபடியே ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். வீரபாகுவின் கையில் ஊடை நூல் ஓட்டும் நாடா அப்படியே நின்றது.

"எத்தினி தறி?"

"நாலு, மாமா."

"ஆறு மாசம்பா" என்றார் அவர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜெயக்குமார் அலமாரிப் பக்கம் திரும்பி ரிமோட்டை எடுத்தான். "அந்தப் படத்தையாவது அழிச்சிடறேன் மாமா."

"வை அதை." குரல் உயரவே இல்லை. "உங்கக்கா நான் தடுத்தும் கேக்காம நேத்துலேருந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கிறா. அழிச்சா ஏன்னு கேப்பா. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தன். அதையும் நான் புடுங்கணுமா? கடையில புடவை வந்தா, டிசைனை நான்தான் வித்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காத."

"வேணாம் மாமா, நானே அக்காகிட்ட..."

அதற்குள் வாசலில் சங்கரியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளைக் கையோடு இழுத்து வந்தாள். "இருங்கக்கா, இப்ப வரும். இதோ! அவரு நெய்யறது. எடுத்தது என் தம்பி."

"அச்சு அசலா இருக்குதேப்பா, அப்படியே நேர்ல பாக்கற மாதிரி" என்றாள் கங்கையம்மாள்.

வீரபாகு தறியை விட்டுத் தலை தூக்கவில்லை. ஜெயக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா வெக்கம்?" சங்கரி அவன் தோளில் செல்லமாகத் தட்டினாள். "எப்படி எடுத்தேன்னு இந்த அக்காவுக்குச் சொல்லேன்."