கைப்பிடியில் பொருத்திய கேமரா

நன்னிலம் அருகே எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் சைக்கிளில் அலுவலகம் போகிறேன். விபத்து நேர்ந்தால் ஆதாரம் வேண்டுமென்று, விலை குறைந்த ஐந்து கேமராக்களை டைரியில் ஒப்பிட்டு எழுதி, பெரிய திரை உள்ளதை வாங்கிக் கைப்பிடியில் பொருத்தினேன்.

அது அறுவடைக் காலம். சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. வண்டிகள் ஏறாதபடி நெல்லின் ஓரத்தில் கற்களை வைத்திருந்தார்கள். ஒரு கல்லில் மோதி விழுந்தேன். பின்னால் வந்த மினி பஸ் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம் கோபமாக, "எல்லாம் வீடியோவுல இருக்கு. போலீஸ்ல கொடுக்கப் போறேன்" என்றேன்.

"கொடுங்க சார். மொதல்ல முழங்காலக் கழுவுங்க" என்று தண்ணீர் ஊற்றினார்.

மாலையில் புகார் எழுதுவதற்காகப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். "சார், கல்லு கெடக்கு, ஒதுங்கி வாங்க" என்று அவர் இரண்டு முறை கத்தியது தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் கேமராவைச் சுற்றிப் பிடித்த என் விரல் முன்பக்க லென்ஸை மறைத்தது. பதிவாகிறதா என்று நான் திரையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்ப அந்தப் பொட்டி எங்க பக்கந்தான் பேசுதா?" என்று சிரித்தார்.

இப்போது திரைமேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். வாசலில் கேமராவை இயக்கினால் அலுவலகம் சேரும்வரை தொடுவதில்லை. வாங்க நினைப்பவர்களுக்குத் திரையே இல்லாத மலிவான கேமரா போதும்.