பேச்சு நின்ற கோடை

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நான் மேடையில் பேசிக் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். கேளாதவர்கள் வருந்த வேண்டியதில்லை, வாய்ப்புகள் இனியும் வரும். இன்று ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். வாதியும் நான், எதிர்வாதியும் நான். தீர்ப்பு எதுவும் நீங்கள் சொல்ல வேண்டாம். இது நடந்தது என்பதற்கு மட்டும் சாட்சியாக இருந்தால் போதும்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் பின்சுவரை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா அந்த டேனரியில் மேஸ்திரி. நாலு பேர் கூடிய இடத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே நான் பிறந்தேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவர்கள் அனைவரையும்விட உறுதியாக நான் நம்பினேன். பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்கு இருபுறமும் காவலர்கள்போல் நின்றன. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசகம் வாசிப்பவன் நான். மே மாதம் மாதாவைத் தெருத்தெருவாக எடுத்துச் சென்று செபமாலை சொல்லும்போது, முடிவில் சொந்த வார்த்தைகளில் செபிக்க என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். செபிப்பேன். தெருக்கோடி வரை கேட்கும். ஒருமுறை நான் முடித்ததும் எதிர் வீட்டு பாய் வாசலில் நின்றபடி கைதட்டிவிட்டார். பிறகு, இது கைதட்டும் இடமில்லையோ என்று திகைத்து, தட்டிய கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டார். எங்கள் தெருவார் சிரித்தார்கள். எனக்கோ அன்றைய செபம் பலித்துவிட்டதாகவே தோன்றியது.

பன்னிரண்டாம் வயதில், கோடை விடுமுறையில், பங்குத் திருவிழாவுக்காகச் சிறுவர் பட்டிமன்றம் ஒன்று ஏற்பாடாயிற்று. மனிதனை உயர்த்துவது செபமா, உழைப்பா என்பது தலைப்பு. செபத்தின் அணிக்கு நான் தலைவன். பின்சுவருக்கு அப்பால், தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் நாள் முழுவதும் கடகடவென்று உருளும். அந்தச் சத்தத்தை வெல்ல வேண்டும் என்று சுவரைப் பார்த்து நின்று பயிற்சி செய்தேன். ஒரு வாரம் டிரம்களுக்கு ஈடுகொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலையில் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டபோது காற்று மட்டும் வந்தது.

மிளகும் பனங்கற்கண்டும் தோற்றன. பாய் வீட்டிலிருந்து வந்த தேனும் தோற்றது. பங்குச் சாமியார், தொண்டைக்குப் பாதுகாவலரான புனிதரை வேண்டி, இரண்டு மெழுகுவர்த்திகளைச் சிலுவைபோல் என் கழுத்தில் வைத்து மந்திரித்தார். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. உறுப்புக் குணமாக வேண்டுமென்றால் அந்த உறுப்பை வெள்ளியில் வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு பஜாரில் வெள்ளிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியைக் கிளறினார்.

“கண்ணு இருக்குது, கை இருக்குது, காலு இருக்குது. தொண்டைன்னு இதுவரிக்கும் யாரும் கேட்டதில்லம்மா. நாக்கு வேணும்னா செஞ்சி தரட்டுமா?”

“நாக்குக்கு இன்னா குறை? அது நல்லாத்தான் இருக்குது,” என்றாள் அம்மா.

“ஆமா, கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்குது,” என்றாள் அக்கா.

பதில் சொல்ல முடியாமல் நான் நின்றது என் நினைவில் அதுவே முதல் தடவை. காணிக்கை வாங்காமல் திரும்பினோம்.

மறுநாள் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரம்களோடு நான் போட்டி போட்டதை அம்மா சொன்னாள். டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்திழுத்து, தொண்டைக்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். “கத்திக் கத்தி உள்ள சின்னதா முடிச்சு மாதிரி வந்திருக்குது. ஒரு மாசம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. கரைஞ்சிட்டா சரி. இல்லன்னா ஆபரேஷன்தான்.”

“ஆபரேஷன் பண்ணா பழைய கொரல் வந்துடுமா டாக்டர்?”

அவர் பேனாவை மூடினார். “பேச்சு வரும்மா.”

அம்மா கும்பிட்டாள். அவள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று என்பதை அவள் கவனிக்கவில்லை. சொற்களை எடைபோடுவது என் தொழில் ஆகையால் நான் கவனித்தேன். ஊர் வரும்வரை பேருந்தின் முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அக்காவுக்குக் கொண்டாட்டம். “இப்பத்தான்டா வீடு வீடா இருக்குது,” என்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பங்கு முறுக்கை என் பக்கம் தள்ளுவாள். “விடு, வர்றப்போ வரும்,” என்பதற்கு மேல் அப்பா எதுவும் சொல்லவில்லை. தெருவில் இறங்கினால், கண்டவர்களெல்லாம் “இன்னா தம்பி, கொரல் வந்துச்சா?” என்பார்கள். இல்லை என்று தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்தது. கேள்வி கேட்க ஆளில்லாத இடம் மத்தியான நேரத்துக் கோயில் ஒன்றுதான். ஆகவே அங்கே போகத் தொடங்கினேன். பக்தியால் போனேன் என்று எழுதினால் சாட்சியான உங்களை ஏமாற்றியவனாவேன்.

பீடத்தில் திருவப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழையின் அருகே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதன் எதிரே முழங்காலிட்டு, மனத்துக்குள் என் வழக்கைத் தொடுத்தேன். ஆண்டவரே, என் குரல் உமது புகழைப் பரப்பும் கருவி. அதை நீர் இழக்கலாமா? ஒரு தாயின் கண்ணீரைக் காணாதிருக்கலாமா? செபத்தின் அணித் தலைவனே செபித்தும் குரல் பெறவில்லை என்று ஊர் நகைத்தால் இழுக்கு யாருக்கு? மூன்று வாதங்களையும் ஏற்றி இறக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நாள்தோறும் மெருகேற்றினேன். வாய்க்குள் கிடைக்காத என் குரல் மனத்துக்குள் முன்னிலும் கம்பீரமாக ஒலித்தது. ஒவ்வொரு நாளும் எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். உள்ளே ஏதோ உரசும்.

திருவிழா வந்து போயிற்று. என் இடத்தில் வேறொரு பையன் பேசினான். செபத்தின் அணி தோற்றது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவன் விட்ட பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாள் நெருங்கியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம், அதே மூன்று வாதங்களோடு கோயிலில் முழங்காலிட்டேன். ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். நம் கட்சியை எழுதி முடித்தவுடன் எதிர்க்கட்சியையும் நாமே பேசிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியர் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம், அழைக்காமலே, அன்று எழுந்து நின்றது. ‘புகழைப் பரப்பினானாம். அன்று பாய் கைதட்டியது ஆண்டவருக்கா, இவனுக்கா? தாயின் கண்ணீராம். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாத தாய் யார்? ஊர் நகைக்குமாம். செபம் என்ற பெயரில் கடவுளை மிரட்டுகிறான் இவன்.’

மறுப்பு தேடினேன். அதுவரை எந்த மேடையிலும் மறுப்புக்கு நான் தவித்ததில்லை. அன்று ஒன்றுகூட அகப்படவில்லை. என் கட்சியை நானே தோற்கடித்துவிட்டேன். வழக்குத் தோற்றால் தீர்ப்பு ஆபரேஷன். முன்னிருந்த பெஞ்சுப் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். வாதம் இல்லை, அடுக்குமொழி இல்லை. வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் ஒன்றுதான் மனத்தில் வந்தது.

‘எனக்கு பயமா இருக்குது. கொரல் வரலன்னா நான் யாரு?’

பதில் வந்தது என்று சொல்ல மாட்டேன். விளக்கு எரிந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த டேனரி வாடை சன்னல் வழியே வந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குப் பிறகு நான் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. முழங்கால் வலித்ததும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பயம் போகவில்லை. அதை ஒளித்து வைக்க வேண்டிய வேலை மட்டும் போயிற்று. டேனரியின் சங்கு ஊதிய பிறகுதான் எவ்வளவு நேரமாயிற்று என்று உணர்ந்தேன். மறுநாளும் போனேன். அக்கா முறுக்கு தந்ததைச் சொன்னேன். அந்தப் பையன் பட்டிமன்றத்தில் சுமாராகப் பேசவில்லை, நன்றாகவே பேசினான் என்பதையும் சொன்னேன். அதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

வேலூரில் டாக்டர் மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் கையில் செபமாலை நின்றுபோயிருந்தது.

“கரைஞ்சிருச்சி. ஏதாவது பேசு தம்பி.”

என்ன பேசுவதென்று தெரியவில்லை. “இன்னா பேசறது?” என்றேன். கரகரப்பாக, கொஞ்சம் தாழ்ந்து, யாரோ ஒருவருடைய குரல்போல் இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“இதான் இனிமே உன் கொரல். டிரம்மோட சண்டைக்குப் போகாதே,” என்றார் டாக்டர்.

பேருந்தில் அம்மா, வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் நான் ஆற்ற வேண்டிய நன்றியுரையைத் திட்டமிட்டுக்கொண்டே வந்தாள். ஆம்பூரில் இறங்கியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் கோயிலுக்கு ஓடினேன். மகிழ்ச்சிதான். ஆனால் வாசற்படியில் ஒரு கலக்கம் காலைப் பிடித்து நிறுத்தியது. கேட்டது கிடைத்துவிட்டது, இனி இங்கே வருவதற்கு என்ன காரணம் சொல்வேன்? நாளை மத்தியானம் தெருவில் பையன்கள் பம்பரம் ஆடும் நேரத்தில், இந்தப் பெஞ்சு காலியாக இருக்குமே என்று நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது? குரல் போனதால் வந்தவன், குரல் வந்ததும் போகலாம் என்ற கணக்கு அந்தப் பன்னிரண்டு வயதுக்குத் தெளிவாக விளங்கியது. அந்தக் கணக்கு ஏன் வலித்தது என்பது விளங்கவில்லை. பிரிவதற்கு அஞ்சும் அளவுக்கு ஒருவரோடு பழகிவிட்டோம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கோயிலில் ஒருவரும் இல்லை. பேழைக்கு எதிரே போய் நின்றேன். முழங்காலிட மறந்துவிட்டது. புதுக் குரல் பாதியில் உடைந்தது. ஆயினும் வாய் விட்டே சொன்னேன்:

“நாளைக்கும் வர்றேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னாலும் வர்றேன்.”