தந்தி ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒரு பீர் மண்டபம்

கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. நீல ஏரோகிராம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் தெரு மாதாகோயில் உபதேசியார்தான் அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். எப்போதும் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் நுணுக்கி எழுதியிருப்பார். அன்றைக்குப் பாதிதான் எழுதியிருந்தது.

"ஏசுவுக்குள் அன்பான மகளுக்கு. உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிக்ஷா ஸ்டாண்டுக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஏதோ வாங்கிக் குடித்துவிட்டான். வார்னிஷ் கலந்தது என்கிறார்கள். அந்த இரண்டு பேரும் திங்கட்கிழமையே இறந்துபோனார்கள். இவன் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து அன்று முழுக்க வீட்டிலேயே வைத்து மோர் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்றான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். ஜெபம் பண்ணிக்கொள்."

மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். எழுதிப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

நான் அப்போது ஜெர்மனியில், பவேரியாவில், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. கன்னியாஸ்திரிகள் படிக்கவைத்தார்கள், மெட்ராஸில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்தார்கள், அவர்களே இங்கேயும் அனுப்பிவைத்தார்கள். வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

பயிற்சி எடுத்த காலத்தில் இந்தக் கேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் மதுவிலக்கு. நடுவில் அரசாங்கம் கடைகளைத் திறந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் திரும்ப மூடியது. மேஜை நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறவர்கள் இருந்தார்கள். அதில் இருக்கிற மெத்தனால் என்கிற விஷம் முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். வந்து படுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள், எதிரே பனி மூட்டமாக இருக்கிறது என்று. டாக்டர் உடனே கேட்பது நல்ல சாராயம். ஆமாம், அதுதான் மாற்று மருந்து. நல்லது உள்ளே போனால் கெட்டது வேலை செய்வது மட்டுப்படும். ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் போகவேண்டும். மோர் கொடுத்து ஒரு நாள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஊர் தபாலாபீஸைச் சனிக்கிழமை பன்னிரண்டுக்கே மூடிவிடுவார்கள். நான் ஓடிப்போனபோது கதவு சாத்தியிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஒருத்தர் கையை ஆட்டி முடிந்துவிட்டது என்று காட்டினார்.

திரும்பி வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸுகளுக்கு ஊரைக் காட்டவேண்டும் என்று எங்கள் மேட்ரன் சிஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மியூனிக்கில் மிகப் பழைய பீர் மண்டபம் ஒன்றைச் சுற்றிக் காட்டப்போகிறார்கள். என்னோடு அறையில் இருந்த மலையாளத்துப் பெண்ணிடம் மட்டும் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மியூனிக் ஸ்டேஷன்ல தபாலாபீஸ் சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும். அங்கே போய்த் தந்தி கொடுக்கலாம். வா, ஏறு," என்றாள்.

வேனில் மேட்ரனிடம் போய், வீட்டுக்கு அவசரமாகத் தந்தி கொடுக்கவேண்டும் என்றேன்.

"யாருக்கு என்ன?"

"தம்பிக்கு உடம்பு சரியில்லை, சிஸ்டர்."

"காய்ச்சலா?"

"ஆமாம்," என்றேன்.

வாய் அப்படித்தான் சொன்னது. நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்று பங்குச் சாமியார் சான்றிதழ் கொடுத்து வந்தவள் நான். தம்பி திருட்டுத்தனமாக விஷம் வாங்கிக் குடித்தான் என்று அந்த மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்புக்கு முன்னால் எப்படிச் சொல்வது? காய்ச்சல்தானே என்று அவர்களும் எண்ணிக்கொண்டார்கள். "இரண்டு மணிக்கு நமக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு முடிந்துவிடும். ஸ்டேஷன் போகிற வழிதான், நானே கூட வருகிறேன்," என்றார்கள்.

நாலு மணி. பதினொரு நாள் போய்விட்டது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் என்ன என்று யாருக்கும் தோன்றலாம். எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் தாங்கவில்லை.

மண்டபத்தின் வாசலில் எங்களை எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது நான் வரிசையிலிருந்து நழுவித் தெருவுக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் ஸ்டேஷன் என்று தெரியவில்லை. எதிரே வந்த ஒரு அம்மாவிடம் "தபால், தபால்" என்று அவர்கள் பாஷையில் கேட்டேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு சுவரைக் காட்டினார்கள். மஞ்சள் தபால்பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மலையாளத்துப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சுற்றிக் காட்ட வந்தவர் அறுபது வயசைத் தாண்டியவர். அந்த மண்டபத்துக்கே பீப்பாய் செய்துகொண்டிருந்தவராம், கை நடுங்க ஆரம்பித்தபிறகு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். மேலே வளைவு வளைவாகக் கூரை, அதில் பூவும் கொடியும் சித்திரம். கீழே நீள நீளமான மர மேஜைகள், உட்கார்ந்தவர்கள் கத்தியால் கீறிய பெயர்கள். நூற்றுக்கணக்கானவர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி நல்ல துணி போட்ட கிழவிகள், ஒருத்தர் மடியில் நாய்கூட. யாரும் யாருக்கும் பயப்படவில்லை. யாரும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குத் தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது. அவன் காஞ்சிபுரத்தில் பெரிய கோபுரத்துக்கு எதிரே சைக்கிள் ரிக்ஷா ஓட்டினான். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகக் காட்டுவான். "ஒரே கல்லுல சங்கிலி செஞ்சிக்கிறாங்கமா, ஒட்டே கெடையாது. உள்ள போயி தொட்டுப் பாருங்க" என்பான். ஒருநாளும் அவன் உள்ளே போனதில்லை. வெளியே வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டே தங்கப் பல்லி எந்த மூலை, தூணில் என்ன சிற்பம் என்று எல்லாம் தெரிந்துவைத்திருந்தான். "நீ போய்ப் பார்த்தா யாருடா தடுக்கப்போறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வண்டிய யாருக்கா பாத்துக்குவாங்க?" என்றான்.

இருபத்துமூன்று வயசு அவனுக்கு. நான் கிளம்பும்போது குடிக்கமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு குடிக்கிறான் என்று அம்மா எழுதியபோது, இனி உனக்குக் கடிதம் எழுதமாட்டேன் என்று கோபமாக அவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். சொன்னபடியே நாலு மாசம் எழுதவில்லை.

ஒரு சுவர் ஓரமாக இரும்பு அலமாரி. சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பூட்டு. தினம் வருகிறவர்கள் தங்கள் கல் குவளையை அங்கே பூட்டி வைத்துப்போவார்களாம். ஒருத்தர் இறந்தால் அந்த இடம் அவர் பிள்ளைக்குப் போகுமாம். மற்றப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால்.

பிறகு கீழே நிலவறைக்கு இறக்கினார். முன்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கி, அதன் மேல் பீப்பாய்களை வைப்பார்களாம். ஒரு பழைய பீப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "எங்கள் ராஜா ஒருத்தர் பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் போட்டார். பீரில் தண்ணீர், வாற்கோதுமை, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ. இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. இன்றைக்கும் அதுதான் சட்டம்."

நான் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது.

"வேறு எதையாவது கலந்தால்?" என்று கேட்டேன்.

அவருக்குச் சந்தோஷம், ஒருத்தியாவது கேள்வி கேட்கிறாளே என்று. "பீப்பாயைப் பிடுங்கிக்கொள்வார்கள். அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்கு உண்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"குடித்தவன்?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்ன?"

"கலந்ததைக் குடித்தவன். அவனுக்கு என்ன ஆகும்?"

சிரிப்பு நின்றது. மேட்ரன் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த பாஷையில் இருந்த வார்த்தைகள் எல்லாம் படுக்கை, ஊசி, வலி, சாப்பிட்டீர்களா என்பதற்குத்தான். அதை வைத்துக்கொண்டு சொன்னேன். என் தம்பி. மெத்தனால். கண். பதினொரு நாள். உயிரோடு இருக்கிறானா தெரியாது. காய்ச்சல் இல்லை சிஸ்டர், பொய் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே மண்டபத்தில் பாட்டும் மேஜையைத் தட்டுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கிழவர் கஷ்டப்பட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

"உலகச் சண்டை முடிந்த வருஷம் இங்கேயும் அதைக் குடித்தார்கள்," என்றார் மெதுவாக. "ராணுவக் கிடங்கிலிருந்து திருடியது. எங்கள் தெருவில் மூன்று பேர். இரண்டு பேர் மறுநாள் இறந்தார்கள்."

"மூன்றாவது ஆள்?"

"இருந்தான். ரொம்ப நாள் இருந்தான்." பிறகு, "கண் வரவில்லை," என்றார்.

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அவர் மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னையும் மேட்ரனையும் மாடியில் இருந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். டெலிபோனிலேயே தந்தி கொடுக்கலாமாம், எனக்கு அது தெரியாது. அங்கிருந்த அம்மா ரிசீவரை எடுத்து, நான் எழுதிக்கொடுத்த விலாசத்தை எழுத்து எழுத்தாக ஒப்பித்தார்கள். முசரவாக்கம் என்பதை மூன்று முறை திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. காஞ்சிபுரம் என்பதற்கு இன்னும் அதிகம். "தம்பி எப்படி இருக்கிறான், உடனே தந்தி" என்பதுதான் செய்தி. மேட்ரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

பதில் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வேலைக்குப் போனேன். ஒரு நோயாளிக்குக் கண்ணில் மருந்து விடவேண்டி வந்தபோது அதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். செத்துப்போயிருப்பான் என்று ஒரு மணி நேரம் நம்புவேன். அடுத்த மணி நேரம், இல்லை, ரிக்ஷா ஓட்டிக்கொண்டிருப்பான் என்று நம்புவேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நினைக்க மட்டும் மனசு ஒப்பவில்லை.

புதன்கிழமை தந்தி வந்தது. உபதேசியாரின் இங்கிலீஷ். உயிரோடு இருக்கிறான், பார்வை இல்லை, நீ வரவேண்டாம்.

ஒப்பந்தப்படி இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. நான் போய்விட்டால் அவனுக்கும் அம்மாவுக்கும் சோறு இல்லை. இருந்தேன். பனி பெய்கிற நாட்களில் ஜன்னல் பக்கம் போகமாட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஊருக்குத் திரும்பியபோது அவன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கி, தலைமுடி கொட்டி, நாற்பது வயசுக்காரன் மாதிரி. என் செருப்புச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு, "அக்காவா?" என்றான். கிட்டப் போனதும் என் முகத்தைத் தடவிப் பார்த்தான். அம்மா உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்தபிறகு கேட்டான். "உன்ன ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சிக்கினு இருக்கேன்கா. நீ நர்சாச்சே, உனக்குத்தான் தெரியும். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருந்தா கண்ணு பொழைச்சிருக்குமா?"

அம்மா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

"இல்லடா," என்றேன். "அன்னிக்கே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்ப சரி," என்றான் அவன், கட்டிலில் சாய்ந்துகொண்டே. அம்மா திரும்பத் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.