குட்டைச் சிறகு

முனைவர் பட்டத்துக்காக நான் ஆறு வருடம் ஒரே ஒரு வண்டின் பின்னால் அலைந்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான, கறுப்பான தரைவண்டு அது. செய்யூர்ப் பக்கத்து உப்பங்கழியின் நடுவில் ஒரு மணல் திட்டு இருந்தது. உமரியும் முள்செடியும் முளைத்த இடம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. ஆய்வேட்டில் அதைத் தீவு என்று எழுதியபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவேன். திட்டுக்குக் கூட்டிப்போக ஒரு அக்கா இருந்தார். உப்பங்கழியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவர். அவரும் அவர் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் அந்தத் திட்டில்தான் படகைக் கட்டிவிட்டு, சுற்றியிருக்கும் சேற்றில் கைவிட்டு மட்டி எடுப்பார்கள். முதல் நாள் என் பையிலிருந்த பிளாஸ்டிக் கப்புகளைப் பார்த்துவிட்டு, "டீக்கடை போடப் போறியா?" என்று கேட்டார். மணலில் குழி தோண்டி, கப்பின் வாய் தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்து, அடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றி வைத்தால், ராத்திரி நடமாடும் வண்டுகள் உள்ளே விழும், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

"எடுத்து?"

"அளப்பேன்க்கா."

"இத்தாம்மாத்துண்டு பூச்சியையா? எங்க வூட்டாண்டயே நெறைய கீதே, அதுக்கா இம்மாந்தூரம் வந்துகினு கீற?"

அதற்குச் சரியான பதில் இரண்டாம் வருடம்தான் கிடைத்தது. தரைவண்டின் முதுகில் இரண்டு கெட்டியான ஓடுகள் இருக்கும். அவற்றைத் தூக்கினால் அடியில் பறப்பதற்கான மெல்லிய சிறகுகள் மடிந்திருக்கும். கரையில் சவுக்குத் தோப்புச் சருகுக்கடியில் பிடித்த வண்டுகளுக்கு அந்தச் சிறகு உடம்பைவிட நீளம். திட்டில் பிடித்தவற்றுக்கு ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு துணுக்குதான் இருந்தது. உடம்பும் அகலம். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கவசத்தின் ஓரம் வளைந்திருந்தது. கால்கள் கறுப்பில்லை, செம்பழுப்பு.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "புதுசும்மா, இது புது இனம்," என்றார். ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இல்லை. முப்பது வருடம் வண்டு பார்த்தவர் பெயரில் ஒரு இனம்கூடக் கிடையாது. அன்று அவர் தன் கையால் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார்.

அந்தக் கரை இனத்தை முதலில் விவரித்தவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். அவர் பார்த்த வண்டு கடல் கடந்த ஒரு அருங்காட்சியகத்தில் குண்டூசியில் குத்தியபடி இன்னும் இருக்கிறது. புகைப்படம் கேட்டு எழுதினேன். அனுப்பினார்கள். அதன் சீட்டில் ஊர் என்று வெறும் 'மதராஸ்' மட்டும் இருந்தது. அந்தப் படத்தையும் என் திட்டு வண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே மாதிரி இல்லவே இல்லை.

நான்காம் வருடம் திட்டில் சிவப்புக் கொடி கட்டிய கம்புகள் நட்டிருந்தன. கரையிலிருந்து பாலம் போட்டு, திட்டை மேடாக்கி, ஒரு தனியார் விடுதி கட்டப்போகிறார்கள் என்று அக்கா சொன்னார். படகுத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் டீச்சர், இந்தப் பூச்சி இங்க மட்டும்தான் கீதுன்னு சொன்ன இல்ல?"

"ஆமாக்கா, அப்படித்தான் நெனைக்கிறோம்."

"அத எழுதிக் குடுத்தா நிறுத்துவாங்களா?"

நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன், அவர் கேட்டதில்லை. அன்றைக்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னை அறுக்கிறது. "வேற எங்கயும் இல்லாத உயிர்னு நிரூபிச்சா, யோசிப்பாங்கக்கா," என்றேன். மறுவாரம் போனபோது தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. கப்பை மிதித்துவிடாமல் சுற்றிப் போனார்கள். ஒருத்தி, தன் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஒரு வண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த மழைக்காலம் முடிந்து எடுத்த வண்டுகளில் ஒன்றின் ஓட்டைத் தூக்கினேன். உள்ளே நீளச் சிறகு, இரண்டு மடிப்பாக, அழகாக மடிந்திருந்தது. ஜாடியில் ஒட்டிய சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திட்டு, வடக்கு ஓரம், என் கையெழுத்து.

பேராசிரியர் சாரிடம் காட்டினேன்.

"காத்துல கரையிலேருந்து பறந்து வந்திருக்கும்."

"கால் செம்பழுப்பா இருக்கு சார். கவசமும் திட்டு வண்டு மாதிரியே இருக்கு."

"ஜாடி மாறியிருக்கும். ஒண்ணே ஒண்ணும்மா. அத ஒதுக்கி வச்சிடு."

ஒதுக்கி வைக்க முடியவில்லை. இன்னும் நிறைய கப்புகள் புதைத்தேன். திட்டில் நீளச் சிறகோடு இன்னும் சில விழுந்தன. அதைவிட மோசம், கரையில் ஈரமான பள்ளங்களில் குட்டைச் சிறகு வண்டுகள் இருந்தன. அகலத்தில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவையும் கிடைத்தன. கால் நிறம் கறுப்பிலிருந்து செம்பழுப்புவரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். கடைசியாக ஆண் வண்டுகளை அறுத்து, இனப்பெருக்க உறுப்பை எடுத்துப் பார்த்தேன். தரைவண்டுகளில் இனத்தைப் பிரித்துச் சொல்ல அதைவிட நம்பகமான அடையாளம் குறைவு. கரை, திட்டு, நீளம், குட்டை, எல்லாவற்றுக்கும் ஒரே வளைவு, ஒரே நுனி.

ஒரே இனம். ஒரே வண்டு இரண்டு உருவத்தில் வாழ்கிறது. திட்டில் பறக்கிறவற்றைக் கடற்காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும். பறக்க முடியாதவை மணலோடு கிடந்து பெருகியிருக்கும். அவ்வளவுதான்.

சார் என் அளவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடி என் பக்கம் தள்ளினார். "உன் இஷ்டம். எழுது," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். விடுதிக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அக்கா போன் செய்து, "நீ வந்து பேசு டீச்சர், மத்தத நாங்க பாத்துக்கறோம்," என்றார். போனேன். பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மைக்கை வாங்கி வண்டைப் பற்றிச் சொன்னேன். திட்டில் அது எப்படி வேறு உருவத்துக்கு மாறியிருக்கிறது, அந்த மாற்றம் நடக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்றெல்லாம் விளக்கினேன். மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். விடுதிக்காரர்கள் கூட்டி வந்திருந்த ஆலோசகர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், இந்த இனம் வேற இடத்துல இருக்கா இல்லையா?"

முன்வரிசை முழுக்க என்னையே பார்த்தது.

"இருக்கு. ஆனா..."

"தேங்க்யூ மேடம்," என்றார் அவர். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

"அதான்க்கா உண்மை."

"நாங்க அங்க மட்டி பொறுக்கறதுகூட உண்மைதான். அத எவனும் கேக்கல. நீயும் கேக்கல."

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

மறுவருடம் திட்டை இயந்திரம் வைத்துச் சமன் செய்தார்கள். செம்மண் கொட்டி, வரிசையாக ஈச்சை மரம் போல ஏதோ நட்டார்கள். என் கடைசிக் கப்புகளை எடுக்க விடவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. கட்டுரையை மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன். தெரிந்த இனத்தின் உருவ வேறுபாடு, புதிதாக ஒன்றும் இல்லை என்று மூன்றும் திருப்பின. சார் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட நானும் வரிசையில் நின்றேன். என் தலையைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. கல்லூரி வேலை எதுவும் அமையவில்லை. செங்கல்பட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் உயிரியல் சொல்லித் தருகிறேன். பாடத்தில் வண்டுக்கு ஒரே ஒரு வரிதான்.

அக்காவைப் போன மாதம் கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலையாம். விரல்கள் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அக்காதான் என்று அடையாளம் காண அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

"வேல கெட்சுதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. டியூஷன் மாதிரிதான்."

தலையை ஆட்டினார். நான் பொய் சொல்லியிருந்தால் திட்டு இருந்திருக்குமா என்று அவரிடமே கேட்டுவிட வாயெடுத்தேன். இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது எனக்குச் சாதகமான பதில் என்பதால் அதை நான் நம்புவதில்லை. அதற்குள் ஷெட் வேன் வந்துவிட்டது. உள்ளே பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா வாளியை முன்னால் தள்ளி, கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.