என் முகத்துக்கு நீல டிக்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் எனக்கு ஒரு டிபன் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடந்து வருகிறவர்களுக்கு இலவசமாக மோர் ஊற்றுவேன். வாய் சும்மா இருக்காது, திட்டிக்கொண்டேதான் ஊற்றுவேன். அதை யாரோ வீடியோ எடுத்துப் போட, ‘திட்டுற அம்மா’ என்று ஊர் உலகமெல்லாம் தெரிந்துபோனேன். மகள் என் பெயரில் வீடியோ போட ஒரு கணக்கு திறந்தாள். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தது.

அப்புறம் அந்தக் கணக்கை நடத்தும் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பிரபலமானவர்கள் மாதாமாதம் பணம் கட்டினால் பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் தருவார்களாம். நான்தான் நான் என்பதற்கு அது அத்தாட்சியாம்.

"கட்டிடலாம்மா, கம்மிதான்" என்றாள் மகள்.

"கோயில்லயே நான் தர்ம தரிசன வரிசைல நிக்கிறவ. என் மூஞ்சிக்கு நானே டிக்கெட் வாங்கணுமா? போடி."

அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. எவனோ ஒருவன் என் வீடியோக்களைத் திருடி, என் பெயரிலேயே இன்னொரு கணக்கு திறந்து, பணம் கட்டி டிக்கை வாங்கிவிட்டான். இறந்தவர்கள் பேரில் பௌர்ணமி அன்னதானம் செய்வதாகச் சொல்லி வசூல் வேறு. மகள் புகார் கொடுத்தாள். டிக் இருப்பதுதான் அசல் என்று சொல்லி, கம்பெனி எங்கள் கணக்கை மூடிவிட்டது. மாதம் தவறாமல் கட்டுகிறவன் திருடனாக இருந்தால் அவர்களுக்கென்ன? பாவிகள்.

போன பௌர்ணமி சாயங்காலம் வெளியூர்த் தம்பதி ஒன்று கடைக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அம்மா கையில் போன், போனில் என் முகம்.

"செத்துப்போன எங்க பொண்ணு பேர்ல இன்னிக்கி அன்னதானம்னு போட்டிருந்தீங்களே, பந்தி எங்க நடக்குது?"

"அது நான் இல்லீங்க. அவன் ஏமாத்துறவன்" என்று மோரை நீட்டினேன்.

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுல டிக் இருக்குது. உனக்கு இருக்குதா? அந்தப் புண்ணியவதி மூஞ்சிய வெச்சி நீதான் பொழப்பு நடத்துற."

மோரைத் தட்டிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"உன் பொண்ணு பேர்ல ஒரு பருக்கை சோறு எவனும் துன்னல. உன் பணத்துல திருடன் குடிச்சிட்டுப் போயிட்டான். போய் அழு!"

அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள். அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அவ இன்னும் பசியோடதான் இருக்காளா?"

என்னை நம்பிவிட்டாள். நம்பாமலே போயிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.